படுத்த ஃபோனும் சாய்ந்த தலையும்

கராச்சர்மா சாலை ஏற்றத்தில் ஆட்டோ முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தபோதுதான் தமிழரசி கேட்டாள். ஒன்றரை வருடமாக அவள் வேலைக்குப் போய்வருவது கோகுலின் ஆட்டோவில்தான். மழை வந்தால் அவள் பக்கத்துப் படுதாவைத்தான் முதலில் இறக்குவான். அவள் வரத் தாமதமானால் மற்ற சவாரியை விட்டுவிட்டுக் காத்திருப்பான். எல்லாம் செய்வான், வாயை மட்டும் திறக்கமாட்டான். எத்தனை நாள்தான் ஒருத்தி பொறுப்பாள்?

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட நம்ம கல்யாண விஷயம் பேசுறீங்களா?"

கோகுல் திரும்பவில்லை. தலையை மட்டும் இடப்பக்கமாக நன்றாகச் சாய்த்தான். சம்மதத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வீட்டுக்கு வந்தவள் அம்மா அங்கம்மாவிடம் சொன்னாள். அங்கம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா நல்லதம்பி முதலில் முறைத்தார். பிறகு ஞாயிறு டியூட்டியை மாற்றிக்கொண்டார். வியாழன் சாயங்காலம் கேட்ட கேள்விக்கு, வெள்ளி இரவே பக்கத்து வீட்டு நாற்காலிகள் வந்திறங்கிவிட்டன.

சனிக்கிழமை காலை ஆட்டோவில் விசாலாட்சி டீச்சரும் இருந்தார். ஏறி உட்கார்ந்ததுமே பிடித்துக்கொண்டார்.

"அரே கோகுல், நேத்து காலைல வீட்டு வாசலுக்கு வரச் சொல்லி புதன்கிழமையே சொன்னேன்ல? சரின்னு தலையச் சாய்ச்சியே, ஆளையே காணோம்?"

"நான் எப்ப டீச்சர் சாய்ச்சேன்?" கோகுல் யோசித்துவிட்டுச் சிரித்தான். "ஐயோ, அது ஃபோன்ல டைம் பார்த்தது. இந்த இடுக்குல ஃபோனைப் படுக்க வெச்சாத்தான் நிக்கும். வீடியோன்னா தானா திரும்பிக்கும். முகப்புத் திரை மட்டும் திரும்பமாட்டேங்குது. டைம் பார்க்கணும்னா நான்தான் தலையச் சாய்க்கணும். பின்னாடி இருக்கறவங்க எல்லாம் நான் சரின்னு சொன்னதா நினைச்சுக்கறாங்க."

டீச்சரும் சிரித்துவிட்டார். தமிழரசிக்கு வியாழக்கிழமை அவன் தலை சாய்த்தது ஞாபகம் வந்தது.

ஏற்றத்தில் இஞ்சின் போட்ட சத்தத்தில் கேள்வி அவன் காதில் விழுந்திருக்குமா? மணி பார்த்தவனை நம்பியா அப்பா டியூட்டி மாற்றினார்? அம்மா வறுத்து வைத்திருக்கும் முந்திரியை என்ன செய்வது? நாளைக்கு எல்லோரும் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தபோது அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

பள்ளிக்கூட வாசலில் டீச்சர் இறங்கிப்போனார்.

"வண்டிய ஓரங்கட்டுங்க," என்றாள் தமிழரசி. "அந்த ஃபோனைக் குடுங்க."

மறுபேச்சில்லாமல் கொடுத்தான். முன்பு குறுக்கே விரிசல் ஓடியிருந்த கண்ணாடி இப்போது பளிச்சென்றிருந்தது. அதைக் கவனிக்கிற நிலையில் அவள் இல்லை. முகப்பில் விரலை அழுத்திப் பிடித்தாள், செட்டிங்ஸுக்குள் போனாள், முகப்பும் திரும்பட்டும் என்ற பொத்தானைத் தள்ளிவிட்டாள். இறங்கி முன்னால் போய், ஃபோனை அவளே இடுக்கில் படுக்க வைத்தாள். கடிகாரமும் படங்களும் புரண்டு நேராக நின்றன.

"இப்ப நேரா தெரியுதா?"

"தெரியுதுங்க."

"இனிமே தலையச் சாய்க்க வேண்டிய அவசியம் இல்லைல்ல?"

"இல்லைங்க."

"அப்ப மறுபடியும் கேக்குறேன். நாளைக்கு வந்து அப்பாகிட்ட பேசுவீங்களா, மாட்டீங்களா?"

கோகுல் ஃபோனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஒன்றரை வருடமாகத் திறக்காத வாய் மெதுவாகத் திறந்தது.

"வியாழக்கிழமை ஃபோன் வண்டியிலயே இல்லைங்க. கண்ணாடி மாத்தக் கடையில குடுத்திருந்தேன்."

தமிழரசிக்கு முகமெல்லாம் சூடேறியது.

"அப்ப அன்னிக்கு..."

"நீங்க கேட்டதுக்குத்தான் சாய்ச்சேன். எங்கம்மா நாளைக்குன்னு என் சட்டையக்கூட இஸ்திரி போட்டு வெச்சுட்டாங்க."

"இதை நான் ஃபோனைக் கேட்டதுமே சொல்றதுக்கென்ன? நோண்டி முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தீங்களே!"

"நீங்க இன்னொரு வாட்டி கேப்பீங்கன்னு தோணுச்சு. கேக்க நல்லா இருந்துச்சுங்க."

டிபன் பையால் அவன் தோளில் ஒன்று வைத்துவிட்டுப் பின்னால் போய் ஏறி உட்கார்ந்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டது. "மணி என்ன?" என்று கேட்டாள். கோகுல் தலையை நேராக வைத்துக்கொண்டே பார்த்துச் சொன்னான்.