ஒரு நாள் குடியுரிமை

தீர்ப்பு வந்த சேதியை லோசாவுக்கு முதலில் சொன்னவன் அவள் அண்ணன் இயோனாதான். "ஏய், அமெரிக்கன் சமோவாவுல பொறந்த நாமளும் அமெரிக்கக் குடிமக்கள்தானாம்! இங்க யூட்டா மாநிலத்துக் கோர்ட்டு நீதிபதியே சொல்லிட்டாரு!" என்று போனில் கத்தினான்.

பசிபிக் கடலில் அமெரிக்காவின் ஆட்சியில் இருக்கும் அந்தத் தீவுகளில் பிறந்தவர்களுக்கு மட்டும் குடியுரிமை தானாகக் கிடைப்பதில்லை. லோசா எட்டு வருஷம் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவள். இராக்குக்கு இரண்டு முறை போய் வந்தவள். ஆனாலும் அவள் பாஸ்போர்ட்டில், 'இவர் அமெரிக்க நாட்டவர், ஆனால் குடிமகள் அல்ல' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியால் ஓட்டு கிடையாது. அவள் ஆசைப்பட்ட போலீஸ் வேலையும் கிடையாது. ஒரு கிடங்கில் காவலுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாளே லீவு போட்டுவிட்டுப் போலீஸ் ஆளெடுப்பு அலுவலகத்துக்குப் போனாள்.

"குடியுரிமை இருக்கா?" என்றார் அதிகாரி.

"இருக்கு. நேத்துலேருந்து."

அவர் சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரைத் தட்டினார். சிரிப்பு அடங்கியது. "மன்னிச்சுக்கம்மா. அந்தத் தீர்ப்ப அந்த நீதிபதியே நிறுத்தி வெச்சுட்டாராம். அப்பீல் முடியறவரைக்கும் செல்லாதாம்."

"அப்ப இன்னிக்குக் காலைல நான் யாரு சார்?"

அவர் விண்ணப்பத் தாளை மேசை இழுப்பறைக்குள் திரும்ப வைத்தார்.

காருக்குள் உட்கார்ந்து, சமோவாவில் ஊரோடு இருந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கொட்டித் தீர்த்தாள்.

"நல்லதாப் போச்சு," என்றாள் அம்மா. "அது வந்தா, நிலம் நம்ம ஆளுங்களுக்கு மட்டும்தான்னு இருக்கற சட்டம் செல்லாமப் போயிடும், நம்ம குடும்ப நிலத்துல வெளியாளு நுழைஞ்சிடுவான். பெரியவங்க வேணாங்கறது சும்மாவா?"

"துப்பாக்கி தூக்கறப்ப மட்டும் நான் அமெரிக்கக்காரி, ஓட்டுன்னா வேத்தாளா?"

"உனக்கு வேணும்னா நீ தனியா வாங்கிக்கோ. ஊரையே ஏன்டி இழுக்கற?"

லோசா போனை வைத்தாள். அம்மா சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மேல்கோர்ட் தீர்ப்பைக் கவிழ்த்தது. அதற்கும் மேலே இருந்த கோர்ட் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் லோசா வெளிநாட்டாரைப் போலக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தாள். அதற்கான தேர்வில் நாட்டின் முதல் ஜனாதிபதி யார் என்று கேட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

உறுதிமொழி எடுக்கும் அரங்கில், பக்கத்தில் நின்ற மெக்சிகோக்காரி ஆனந்தத்தில் அழுதுகொண்டிருந்தாள். 'பிற நாட்டின் மீதுள்ள விசுவாசத்தைத் துறக்கிறேன்' என்ற வரி வந்தது. லோசாவுக்குத் துறப்பதற்கு வேறு நாடு ஏது? அந்த இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"வாழ்த்துகள்!" என்று அதிகாரி கை நீட்டினார்.

"எதுக்கு?" என்றாள் லோசா. ஆனாலும் கையைக் குலுக்கினாள்.