சுவருக்குப் பின்னால் இல்லாத அறை

பெரியவளும் சின்னவளும் ஓரகத்திகள். கட்டடங்களை அளந்து வரைபடம் போடும் ஒரே அலுவலகத்தில்தான் இருவருக்கும் வேலை. புது லேசர் ஸ்கேனர் வந்தபோது மேலாளர் அதைச் சின்னவளிடம் கொடுத்தார். அன்றிலிருந்து பெரியவளுக்கு வயிறு எரிந்தது. வீட்டில் மாமியார் வேறு, "நம்ம சின்னவ மெஷினு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்தார்.

பழைய நடனப் பள்ளியொன்றைப் புதுப்பிக்க அளவெடுக்கப் போனார்கள். சின்னவள் கூடத்தின் நடுவில் மூன்றுகால் தாங்கியை நிறுத்தி, அதன்மேல் கருவியை வைத்து ஓடவிட்டாள். அதன் தலை மெல்லச் சுழன்றது.

"இது என்னம்மா பண்ணுது?" என்றார் காவலாளி.

"லேசர் ஒளி போய்ச் சுவர்ல பட்டுத் திரும்பி வருது. போய்வர ஆன நேரத்த வெச்சு தூரத்தக் கணக்குப் போடும். ஒவ்வொரு தடவையும் ஒரு புள்ளி. கோடிக்கணக்குல புள்ளி சேந்தா இந்தக் கூடமே கம்ப்யூட்டர்ல வந்து நிக்கும்."

காவலாளி வாயைப் பிளந்தார். 'எனக்குத் தெரியாததா?' என்று பெரியவள் பல்லைக் கடித்தாள். அப்போதுதான் கவனித்தாள். ஒரு சுவரில் ஆளுயர முகக்கண்ணாடி. அதில் பட்ட ஒளி திசைமாறிப் போகும். கருவி ஏமாந்து, கண்ணாடிக்குப் பின்னால் இல்லாத இடத்தை இருப்பதாகக் காட்டும். துணி போட்டு மூடியிருக்க வேண்டும். சின்னவள் மறந்துவிட்டாள்.

சொல்ல வாயெடுத்த பெரியவள் விழுங்கிக்கொண்டாள். 'நாலு பேர் முன்னாடி திட்டு வாங்கட்டும்.'

ஒரு வாரம் கழித்து இருவரும் புதுப்பிப்பு வேலையின் பொறியாளரோடு அங்கே நின்றார்கள். கண்ணாடியை அதற்குள் கழற்றியிருந்தார்கள். பொறியாளர் வரைபடத்தைத் தட்டினார்: "பாத்தீங்களா, இந்தச் சுவருக்குப் பின்னாடி ஒரு அறை அடைபட்டுக் கிடக்கு! இடிச்சா கூடம் பெருசாயிடும்."

கூரையின் பாரமே அந்தச் சுவரில்தான். இடிக்க வந்த ஆள் சம்மட்டியை ஓங்கினார்.

"நிறுத்துங்க!" பெரியவள் கத்தினாள். "அங்க அறையே இல்ல. கண்ணாடில தெரிஞ்ச இந்தக் கூடந்தான் அது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் பொறியாளர்.

"அன்னிக்கே பாத்தேன்."

சின்னவள் முகம் வெளுத்தது. "பாத்துட்டுச் சும்மாவா இருந்தீங்க, அக்கா?"

"ஆமா. பொறாமை."

மேலாளர் இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். ஒரு வாரம் ஒரே சமையலறையில் இருவரும் முகம் பார்க்காமல் நடமாடினார்கள். அடுத்த அளவெடுப்பில் சின்னவள்தான் வாய்திறந்தாள்: "ஓடவிடறதுக்கு முன்னாடி ஒரு சுத்து பாருங்க. பாத்தத வாயத் தொறந்து சொல்லுங்க."

பெரியவள் அறையைச் சுற்றிவந்தாள். கருவி இன்னும் சின்னவள் கையில்தான். அது இன்னும் உறுத்தத்தான் செய்தது. "அந்தப் பளபளக்கிற எவர்சில்வர் பீரோவத் துணி போட்டு மூடு," என்றாள்.