காளான் மரக்கறியா

கட்டுகஸ்தோட்டையில் வீட்டுக்கு வீடு மலேரியா புகுந்த ஆண்டு அது. சண்முகநாதனின் நான்கு வயது மகளும் படுத்தாள். அவள் எழுந்து நடக்கும்வரை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை என்று மனைவி ரத்தினம்மா முருகனுக்கு நேர்ந்துகொண்டாள்.

சண்முகநாதன் கண்டியில் தாவரவியல் படிப்பிக்கும் வாத்தியார். சோறும் சொதியுமாக மனைவி மெலிவதைப் பார்க்கப் பொறுக்காமல், மழை விட்ட ஒரு காலையில் கலகெதர வீதியில் விற்ற காளானை வாங்கி வந்தார். இதைத் தின்னலாமா என்று அவள் தயங்கினாள். புத்தகத்தில் இது தாவரங்களோடுதான் இருக்கிறது என்றார். வாத்தியாரே சொன்ன பிறகு என்ன. கறி வைத்துச் சாப்பிட்டாள்.

மறுநாள் பிள்ளையின் உடம்பு மறுபடி கொதித்தது.

ஒருநாள் விட்டு ஒருநாள் ஏறுவதுதான் அந்தக் காய்ச்சலின் குணம் என்று சொல்லிப் பார்த்தார். அவள் காதில் ஏறவில்லை. உலை வைக்கவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் அறைக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அவரும் பின்னால் நடந்தார்.

“காளானிலை பச்சை இருக்கோ?”

“இல்லை.”

“பூ, காய்?”

“இல்லை.”

“பேந்து என்னத்தை வைச்சுச் செடி எண்டு சொன்னியள்?”

“அது நடந்து திரியாது.”

“சந்தையிலை கிடக்கிற மீனும் நடந்து திரியாது.”

வேறொரு நாளென்றால் சிரித்திருப்பார். விலங்கில் சேராததையெல்லாம் புத்தகம் எழுதியவர்கள் தாவரத்தில் தள்ளியிருந்தார்கள். அதை வகுப்பில் சொல்ல அவருக்கு ஒருநாளும் நா கூசியதில்லை.

“அது என்னத்தைத் தின்னுது?”

பொய் சொல்லலாம்.

“உக்கினதை. செத்ததை.”

அவள் நடையை நிறுத்தினாள். அவர் முற்றத்தில் இறங்கி, வாய்க்கால் ஓரத்து வல்லாரையை ஒரு பிடி பிடுங்கிக்கொண்டு வந்தார்.

“இது வெயிலைப் பிடிச்சுத் தன்ரை சாப்பாட்டைத் தானே செய்யுது. இதுதான் செடி. காளான் இல்லை, புத்தகம் என்ன சொன்னாலும். பிழை என்ரை. உம்மடை இல்லை.”

அவள் வல்லாரையை வாங்கிக்கொண்டாள்.

“அதை எனக்கில்லை, முருகனுக்குச் சொல்லுங்கோ.”

கலியாணத்துக்குப் பிறகு அவர் சுவாமிப் படத்தின் முன் நின்றதில்லை. சட்டையைக் கழற்றிவிட்டுப் போய் நின்றார். அடுப்படியில் கீரை அலசும் சத்தம் கேட்டது. அறையில் பிள்ளை நடுங்கியபடி போர்வை கேட்டாள். எப்படித் தொடங்குவதென்று அவருக்குத் தெரியவில்லை.