பந்து கையில் இல்லாதபோது

"ஃபார், பந்து உங்களிட்டை இல்லாத நேரம் நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"

சாரங்கி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. டென்மார்க்கின் வைலே நகரில் பிறந்த பிள்ளை. டெனிஷ் பாதி தமிழ் பாதியாகக் கதைப்பாள். அப்பாவை டெனிஷ் பிள்ளைகளைப் போல ஃபார் என்றே கூப்பிடுவாள். மைதான ஓரத்தில் இருந்து சப்பாத்துச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்த தாரகன், "சும்மா ஓடுறன், வேறை என்ன?" என்று சிரித்தான்.

சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அவர்கள் விளையாடுவது அவுஸ்திரேலியக் காற்பந்து. முட்டை வடிவப் பந்தை உதைக்கலாம், ஏந்திப் பிடிக்கலாம், கைமுட்டியால் குத்தி அடுத்தவனுக்கு அனுப்பலாம். பந்துக்குக் கிட்ட நிற்கிறவனைத் தோளால் இடித்து விலக்கவும் விதி இடம் கொடுக்கிறது. டென்மார்க்கில் அதை விளையாடுகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். அன்று பயிற்றுநர் யென்ஸ் ஒரு வாதத்தைக் கிளப்பிவிட்டிருந்தார். இந்தக் காலத்து ஆட்டக்காரனுக்கு எல்லாவற்றிலும் பெறுமதியான குணம் எது? உயரத் துள்ளுவது என்றான் ஒருவன். இரண்டு காலாலும் உதைப்பது என்றான் இன்னொருவன். மூச்சுத்தான் என்று தாரகன் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நளின் மட்டும் பிள்ளைக்கு முன்னால் குந்திக்கொண்டான். அவன் மெல்பேணில் பிறந்த சிங்களவன். பொறியியலாளன், வேலைக்கென்று வைலேக்கு வந்தவன். உடைந்த டெனிஷில் சொன்னான்: "உன்ரை ஃபார் சும்மா ஓடேல்லை. எங்களிலை ஒருத்தனுக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூடப் பந்து கையிலை இராது. மிச்ச நேரம் முழுக்க மற்றவனுக்குக் காவல்."

"காவல் எண்டா பொலிசோ?" என்றாள் சாரங்கி. அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த நாட்களில் நளின் அவர்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி. தாரகனின் மனைவி றஜனி அவிக்கிற இடியப்பத்தைச் சொதியில் ஊறவிட்டுக் கையால் பிசைந்து சாப்பிடுவான். சாரங்கிக்கு அவன் நளின் மாமா. இந்த ஆட்டத்தில் மேலே பார்த்துக்கொண்டு ஓடுகிறவனுக்கு முதுகுப் பக்கம் தெரியாது. கூட்டாளியின் குரல்தான் அவனுக்குக் கண். எதிரணிக்கு விளங்காமல் இருக்கட்டும் என்று தாரகன் நளினுக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் பழக்கியிருந்தான். இடிக்க ஆள் வந்தால் "பின்னாலை!" எவனும் கிட்ட இல்லாவிட்டால் "நேரமிருக்கு!"

பிறகு 2009 வந்தது.

தாரகனின் அக்கா சுபாஜினி புருசனோடும் இரண்டு பிள்ளைகளோடும் சண்டை நடந்த வன்னியில் அகப்பட்டிருந்தாள். தை மாதத்துக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. வார இறுதிகளில் தாரகன் ஊர்வலங்களுக்குப் போனான். வேலைத்தலத்தில் பெட்டி அடுக்கும்போதும் கைத்தொலைபேசியைச் சட்டைப் பையில் நெஞ்சோடு வைத்திருந்தான். அந்த மாதங்களிலேயே நளினுக்குப் பந்து கொடுப்பதையும் நிறுத்தினான். குண்டு போட்டது நளின் இல்லை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கை வரவில்லை. நோவு தாங்காதவன் பக்கத்தில் நிற்கிறவனைத்தான் தள்ளுகிறான். நம்மவர்களில் எத்தனையோ பேர் அந்த மாதங்களில் அப்படித் தள்ளினோம். "அக்காவைப் பற்றி ஏதும் தெரிந்ததா?" என்று நளின் அனுப்பிய செய்திகள் பதிலில்லாமல் கிடந்தன. மைதானத்தில் நளினும் தமிழில் கூப்பிடுவதை விட்டுவிட்டான்.

மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஆட்டம் இருந்தது. தாரகன் போகாவிட்டால் அணிக்கு ஆள் காணாது. ஆடாமலே தோற்க வேண்டும். போவதில்லை என்றுதான் அவன் இருந்தான். றஜனிதான் விடவில்லை.

"இஞ்சாருங்கோ, நீங்கள் சாப்பிட்டும் நாளாச்சு, நித்திரை கொண்டும் நாளாச்சு. இப்பிடியே அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தா உங்களுக்கும் ஏதும் ஆகிப்போடும். நான் அதைப் பிடிச்சுக்கொண்டு கோட்டடியிலை நிக்கிறன். ஒருக்கா ஓடிட்டு வாங்கோ."

வாசலில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டுத் தவராஜா அண்ணை அவனுடைய பையைப் பார்த்தார். "அங்கை சனம் செத்துக்கொண்டிருக்குது. நீ பந்தடிக்கப் போறியோ?"

தாரகனுக்கு முகம் எரிந்தது. பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தான்.

தப்பி வெளியே வந்தவர்கள் யாரிடமாவது கெஞ்சி வாங்கிய தொலைபேசியில் நாலு வார்த்தை கதைப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதைத் தவறவிட்டால் அவ்வளவுதான். திருப்பி எடுத்தால் அந்தப் பக்கம் ஆள் இராது. றஜனி வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, தொலைபேசியை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்தி, கும்பிடுகிறவள் மாதிரி நின்றாள். சாரங்கி அவளுடைய மேலங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தாரகன் மோசமாக ஆடினான். காற்றில் எந்தச் சத்தம் வந்தாலும் தலை கோட்டுப் பக்கம் திரும்பியது. எதிரணி கோபன்ஹேகன் பக்கத்தது. அதில் சிவப்புத் தாடிக்காரன் ஒருவன், கதவுபோல நெஞ்சு, இடித்தால் எழும்புவது கஷ்டம். "தாரகன், பந்தைப் பார்!" என்று யென்ஸ் கத்திக் கத்திக் களைத்துப்போனார்.

மூன்றாம் கால்பகுதியில் பந்து உயரமாக வந்தது. தாரகன் வானத்தைப் பார்த்தபடி பின்னோக்கி ஓடினான். கைகளை உயர்த்தினான். அந்த நேரம் தொலைபேசி அடித்தது.

அவன் நின்றுவிட்டான். பந்துக்கு நேர் கீழே, கழுத்தைக் கோட்டுப் பக்கம் திருப்பி, கைகள் மேலே தூக்கியபடி, விலா எலும்பெல்லாம் திறந்து கிடக்க, மரம்போல நின்றான். றஜனியின் வாய் திறப்பது தெரிந்தது. அவள் சொன்னது கேட்கவில்லை.

"பின்னாலை!"

மாதக் கணக்காகக் கேட்காத குரல். அதற்கு உடம்பு திரும்புமுன் முதுகுக்குப் பின்னால் இரண்டு உடல்கள் மோதுகிற சத்தம் கேட்டது. ஈரச் சாக்கு மூட்டையை நிலத்தில் போட்டதுபோல. அவன் மேல் ஒரு விரல் படவில்லை. பந்து அவன் காலடியில் விழுந்து உருண்டது. அவன் அதைப் பார்க்கவும் இல்லை, பின்னால் விழுந்தது யார் என்று பார்க்கவும் இல்லை. கோட்டுப் பக்கம் ஓடி றஜனியிடமிருந்து தொலைபேசியைப் பறித்தான்.

"அக்கா! அக்கா!"

"தம்பி..." இரைச்சலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "வெளியிலை வந்திட்டம். முகாமிலை நிக்கிறம். பிள்ளையள் ரண்டும் என்னோடை."

"அத்தான்?"

இரைச்சல் மட்டும்.

"அக்கா, அத்தான் எங்கை?"

"பிறகு சொல்லுறன், தம்பி. போனைக் கேக்கினம். நீ வடிவாச் சாப்பிடு, என்ன?"

அவ்வளவுதான். தாரகன் புல்லில் முழங்காலில் இருந்தான். றஜனி அவன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு அழுதாள். சாரங்கி ஒன்றும் விளங்காமல் அவனுடைய காதைத் தடவினாள்.

அவன் நிமிர்ந்தபோது நளினைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வலது கை தொங்கியது; தோளடியில் காறை எலும்பு முறிந்திருந்தது. சிவப்புத் தாடிக்காரன் முழு வேகத்தில் வந்ததையும் நளின் குறுக்கே பாய்ந்ததையும் யென்ஸ் சொல்லித்தான் தாரகன் அறிந்தான். "உன்னில் பட்டிருந்தால் நீ இப்போது எழும்பியிருக்க மாட்டாய்."

அம்புலன்ஸ் வரும்வரை உடுப்பு மாற்றும் அறையின் நீட்டு மர வாங்கில் நளின் சாய்ந்திருந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது. தாரகன் வாசலில் நின்றான். உள்ளே வரத் துணிவில்லை. நளின்தான் கண்ணைத் திறந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்.

"அக்கா?"

"இருக்கிறா."

நளின் கண்ணை மூடிக்கொண்டான். இமை ஓரத்தில் நீர் கசிந்தது. நோவினாலோ என்னவோ.

தாரகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நன்றி என்பது மேசையில் உப்பை எடுத்துத் தந்தவனுக்குச் சொல்கிற சொல்; அதை இங்கே வைக்க மனம் வரவில்லை. மன்னிப்புக் கேட்க ஓரடி உள்ளே வைத்தான். அதற்குள் அம்புலன்ஸ்காரர் வந்துவிட்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை சண்டை முடிந்தது என்று செய்தி சொன்னது. உலகத்தில் சில வீடுகளில் கொடி ஏற்றினார்கள். சில வீடுகளில் விளக்குக்கூட ஏற்றவில்லை. அத்தான் திரும்பி வரவேயில்லை என்பதைச் சுபாஜினி பிறகு ஒரு நாள் சொன்னாள். றஜனி இடியப்பமும் சொதியும் கட்டி நளினுக்கு அனுப்பினாள். தாரகன் கொண்டுபோய்க் கொடுப்பான், வாசலில் நின்று தோளைப் பற்றி விசாரிப்பான், திரும்பிவிடுவான். சொல்ல வேண்டியது ஒவ்வொரு முறையும் அவனோடேயே படியிறங்கி வந்தது.

கோடை முடிகிற நேரம் நளின் மறுபடி ஆட வந்தான். அதே கோபன்ஹேகன் அணி, அதே சிவப்புத் தாடி. கடைசி நேரம், ஒரு கோல் அடித்தால் வெற்றி. பந்து நளினிடம் போனது. கோல் கம்பங்களை நோக்கி ஓடினான். ஆனால் முறிந்து பொருந்திய தோளை உடம்பு மறக்கவில்லை. ஓட்டத்தில் ஒரு தயக்கம், யாரோ பின்னால் வருவதைத் தேடுகிற கழுத்து. திரும்பிப் பார்த்தானானால் உதை பிழைத்துவிடும்.

பின்னால் ஆள் வந்துகொண்டுதான் இருந்தது. சிவப்புத் தாடிக்காரன் அந்த வலது தோளைக் குறிவைத்துப் பாய்ந்து வந்தான்.

"நேரமிருக்கு!" என்று கத்தினான் தாரகன்.

அது பொய். அந்தப் பொய்யை மெய்யாக்க அவனிடம் இருந்தது ஓர் உடம்புதான். குறுக்கே விழுந்தான். கதவு போன்ற நெஞ்சு அவன் விலாவில் மோதியது. வானமும் புல்லும் இடம் மாறின.

நளின் திரும்பிப் பார்க்கவில்லை. நிதானமாக, பயிற்சியில் உதைப்பதுபோல உதைத்தான். பந்து நடுக் கம்பங்களுக்கு இடையால் போனது. மைதானத்தின் கண்ணெல்லாம் பந்தோடு போயிருந்தது; நடுவரின் கண்ணும், யென்ஸின் கண்ணும், றஜனியின் கண்ணும். எல்லோரும் கத்திக்கொண்டு நளினிடம் ஓடினார்கள்.

தாரகன் புல்லில் மல்லாந்து கிடந்தான். வாயில் மண் சுவைத்தது. மூச்சு மெல்லத் திரும்பி வந்தது. முருகா என்று சொல்லிக்கொண்டு, விலாவைப் பிடித்தபடி எழும்பினான்.

கோட்டடியில் சாரங்கி குதித்துக்கொண்டு நின்றாள். "நளின் மாமா கோல் அடிச்சிட்டார்! நீங்கள் என்ன செய்தனீங்கள், ஃபார்?"

"ஒண்டுமில்லை, பிள்ளை," என்றான் தாரகன். "சும்மா ஓடினன்."