முப்பத்தொன்றாம் பத்தி

நீதிமன்ற நடையின் வாங்கில் அமர்ந்து, வழக்கறிஞர் வாகீசன் அகதிச் சபையின் முடிவிலிருந்து முப்பத்தொன்றாம் பத்தியை நிரஞ்சலாவுக்குத் தமிழில் சொன்னான்: கணவர் கொல்லப்பட்டதாகக் கூறும் மனுதாரர் விசாரணையன்று குங்குமம் அணிந்திருந்தார், அவர் மரபில் கைம்பெண்கள் அதனை அணிவதில்லை, காரணம் கேட்டபோது மௌனமாயிருந்தார், ஆதலால் அவர் சொற்கள் நம்பத்தக்கன அல்ல.

"பொட்டுக்கு ஒரு பத்தி. சாவுக்கு அரை வரி," என்றான். "ஏனக்கா அண்டைக்கு வாய் திறக்கேல்லை? மீன்கடையில விலை பேசுறதில பாதி போதுமே!"

அவள் சிரிக்கவில்லை. சபை தள்ளிய வழக்கு இங்கும் தோற்றால் ஊருக்குத் திருப்பி அனுப்புவார்கள்; கணவன் யோகதாசனைச் சுட்டவர்கள் அவளைத் தேடியும் இருமுறை வந்தவர்கள். ஆறு மாதமாய் எவரிடமும் சொல்லாததை அப்போதுதான் சொன்னாள்.

புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில், யோகதாசனின் சகோதரியான மச்சாள் வீட்டு நிலக்கீழ் அறைகளில் மாமியும் அவளும் இருந்தார்கள். இதயம் நலிந்த மாமிக்கு மகன் இறந்தது தெரியாது. மலேசியாவில் ஒளிந்திருக்கிறான் என்று பிள்ளைகள் சேர்ந்து கட்டிய பொய்யில்தான் அவள் உயிர் தங்கியிருந்தது. விடியலில் நீராடிப் பதிகம் பாடி, மகனுக்கு ஆயுள் வேண்டி, மருமகளின் நெற்றியில் தன் விரலாலேயே குங்குமம் இடுவாள். அந்த விரலைத் தடுக்கும் சொல் நிரஞ்சலாவிடம் என்றும் இருந்ததில்லை. விசாரணை கணினித் திரையில் நடந்தது. காதுக்குள் ஒலித்த அந்தக் கேள்விக்கு அவள் வாய் திறக்கையில், பூட்டாத கதவைத் தள்ளி மாமி வாசலில் வந்து நின்றாள். மாமி போய் மறைந்தபோது அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"இப்ப சொல்லுவமே, தம்பி?"

"ஏலாதக்கா. இந்த நீதிபதி புதுக்கதை கேக்கமாட்டார். அண்டைக்குப் பதிவானதுக்குள்ள நிண்டுதான் பேசோணும். எனக்கெண்டாலும் முதலே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் கடிதம் போடுவியள். வாற கடிதமெல்லாம் மாமி பேரப்பிள்ளையளைக் கொண்டு வாசிப்பிக்கிறவ. தீர்ப்பும் பேரோட இணையத்தில வருமாமே, அதையும் ஆரும் அவவுக்கு வாசிச்சுக் காட்டினா..."

உள்ளே, நீதிபதி பக்கங்களைப் புரட்டி, 'பதில் இல்லை' என்ற வரியில் நின்றார். அந்த மௌனம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று கேட்டார். அரசுத் தரப்புக்கும் தெரியவில்லை. ஒலிப்பதிவை இயக்கப் பணித்தார்.

கேள்வி ஒலித்தது. பிறகு வெறும் இரைச்சல். கதவு கிறீச்சிட்டது. எங்கோ தொலைவில் ஒரு முதிய குரல்: "பிள்ளை, வேர்வையில பொட்டை அழிச்சுப்போடாதை. என்ர பிள்ளை நல்லா இருக்கோணும்."

அம்மன்றில் தமிழ் அறிந்தவர் இருவரே. நீதிபதி தலை நிமிர்த்தினார்.

"அந்த அம்மா யார்? என்ன சொல்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வாகீசன் எழுந்தான். அவனுடைய கரிய அங்கியின் நுனியை நிரஞ்சலாவின் கை இறுகப் பற்றியிருந்தது.