அம்மா சொன்னதாக ஒரு கடிதம்

எழுதப் படிக்கத் தெரிந்த மகனைப் பெற்றவள் கொடுத்துவைத்தவள் என்று சாவே என்ற ஊரில் பெண்கள் பெருமூச்சு விடுவார்கள். மீர்சா லுத்ஃபுல்லாவின் அம்மாவும் அப்படித்தான் நம்பினாள், பாவம். கெர்மான்ஷாவில் வாழ்க்கைப்பட்ட மகள் கௌகபுக்கு அவள் சொல்லச் சொல்லப் பதினான்கு வருடம் கடிதம் எழுதியவன் லுத்ஃபுல்லாதான். எழுதி முடித்ததும் கழுத்துக் கயிற்றில் தொங்கும் முத்திரையை மையில் தொட்டு அழுத்துவாள். என்ன எழுதினாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பெற்ற பிள்ளையிடம் யார் கேட்பார்கள்?

முதல் பனி விழுந்த வாரத்தில் அவள் இறந்துபோனாள். வசந்தம் வந்ததும் அவளுடைய மாதுளைத் தோட்டத்துக்காக அண்ணனும் தங்கையும் மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் ஆகாவின் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். கௌகப் திரைக்கு அந்தப் பக்கம். அவள் புருஷன் ஸஃபர், சேணம் தைத்து விற்கிறவர், லுத்ஃபுல்லாவுக்கு எதிரில் உட்கார்ந்து தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மூன்றில் ஒரு பங்கு மகளுக்கு வரவேண்டும் என்பது அவர் வாதம். அம்மா உயிரோடிருந்தபோதே முழுத் தோட்டத்தையும் தனக்குக் கொடுத்துவிட்டாள் என்று லுத்ஃபுல்லா பத்திரத்தை நீட்டியிருந்தான்.

பத்திரத்தில் இருந்தது அம்மாவின் முத்திரைதான். கடிதத்தோடு கடிதமாக நீட்டி அதை வாங்கியிருந்தான், கெட்டிக்காரன்.

"ஏன் மச்சான், படிக்கத் தெரியாத கிழவி குத்தின முத்திரையெல்லாம் பத்திரமா? விட்டா என் கோவேறு கழுதையையும் உங்க பேருக்குக் குத்தி வாங்கியிருப்பீங்க!" என்றார் ஸஃபர்.

ஆகா சிரிக்கவில்லை. "லுத்ஃபுல்லா, உங்கம்மா விவரம் தெரிஞ்சுதான் குடுத்தாங்கன்னு குர்ஆன் மேல கைவெச்சுச் சொல்லிடுப்பா. அதோட முடிஞ்சுது."

பட்டுத் துணியில் சுற்றிய குர்ஆன் வந்தது. பத்திரம் எழுதிய அன்று இந்த இடம் வரும் என்று லுத்ஃபுல்லா யோசிக்கவே இல்லை. கையைத் தூக்கப் பார்த்தான். அது மடியிலேயே கிடந்தது.

"வேணாம் ஆகா," என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "எங்கண்ணனைச் சத்தியம் பண்ண வைக்காதீங்க. அம்மாவோட கடைசிக் கடுதாசி என்கிட்ட இருக்கு."

"அடியே, அதை ஏன்டி எடுக்கிற?" ஸஃபர் பதறினார். "அடுப்புல போடுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே!"

திரைக்கு அடியில் கடிதம் வந்துவிட்டது. ஆகா வாசித்தார்: "மகளே, தோட்டத்தை முழு மனதோடு உன் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டேன். வழி மோசம். நீ புறப்பட்டு வர வேண்டாம். என்னை நிம்மதியாக விடு."

லுத்ஃபுல்லா கம்பளத்தைப் பார்த்தபடி இருந்தான். ஒவ்வொரு வரியும் அவன் எழுதியது. அம்மா அன்று சொன்னது வேறு. "மாதுளை பறிக்கிறதுக்குள்ள ஒரு நடை வந்துட்டுப் போகச் சொல்லுடா. கண்ணை மூடறதுக்குள்ள அவ முகத்தைப் பாக்கணும்." கௌகப் வந்தால் பத்திரக் கதை வெளியே வந்துவிடும். அதனால் வராதே என்று எழுதி நீட்டினான். அம்மா நம்பி முத்திரை குத்தினாள். அப்புறம் சாகிற நாள்வரை வாசலையே பார்த்துக் கிடந்தாள். "மலை வழியில பனி விழுந்திருக்கும்மா" என்று தினமும் சொன்னதும் அவன்தான்.

"அப்போ வழக்கு என்னம்மா ஆறது?" என்றார் ஆகா.

"வழக்கு இல்லீங்க. அம்மா மனசு அதுதான்னா எனக்கு ஒரு மரம்கூட வேணாம்."

"பதினஞ்சு நாள் கழுதை முதுகுல இடுப்பொடிய வந்தது இதுக்குத்தானா!" ஸஃபர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்," என்றாள் கௌகப். "நான் வந்ததே அதுக்குத்தான். அம்மா 'வராதே'ன்னு சொன்னப்ப கோவமாவா சொன்னாங்க? நான் என்ன தப்பு பண்ணேன் அண்ணே?"

உண்மையைச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். சொன்னால் தோட்டம் போகும், பஜாரில் தலை நிமிர்ந்து நடப்பது போகும். ஆகா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல தாயி," என்றான். "அழுதுகிட்டேதான் சொன்னாங்க."

அம்மா அன்று அழுதது நிஜம். அந்த அழுகையையும் எடுத்துத் தன் பொய்க்கு முட்டுக் கொடுத்துவிட்டான். வெட்கத்தில் அவனுக்குக் காது மடலெல்லாம் எரிந்தது.

திரைக்குப் பின்னால் விம்மல் கேட்டது. "அழுதாங்களா? அப்போ என்மேல கோவமில்ல. அது போதும்."

திரைக்கு அடியிலிருந்து அவள் கை வந்து தரையில் துழாவியது. அவன் வலது கையைக் கண்டுபிடித்து, உள்ளே இழுத்து, விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முத்தமிட்டாள்.

"பதினாலு வருஷமா எனக்கு அம்மான்னு இருந்தது இந்தக் கைதானே அண்ணே."

கையை உருவிக்கொள்ள நினைத்தான். அதற்கும் தைரியம் வரவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை விரல்களை அவளிடம் விட்டுவிட்டு, தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.