இடது விலா

"நிறுத்துங்க!"

தங்கை கத்தியதில், குளிப்பாட்ட வந்த ஆஸ்பத்திரி அம்மாள் கைஷவரைக் கீழே போட்டுவிட்டாள். குழாய் தரையில் நெளிந்து சுவரை நனைத்தது. அதற்குள் முதல் வீச்சு அக்காவின் இடது விலாவில் பட்டுவிட்டது.

மருத்துவமனையின் பின்பக்க அறை. மேடையில் அக்கா. காலையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து, வண்டி வருவதற்குள் போய்விட்டாள்.

"ஏம்மா, வெதுவெதுப்பாத்தானே இருக்கு?"

"சூடு இல்லீங்க... அவளுக்கு ஷவர் ஆகாது."

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.

ஐந்து வருடத்துக்கு முன் அக்காவுக்கு அந்த விலாவில் அக்கி வந்தது. கொப்புளம் ஆறியது, நரம்பு ஆறவில்லை. அச்சகத்தில் நாள் முழுக்க நிமிராமல் பிழை திருத்துகிறவள், குளியலறை வாசலில் மட்டும் தயங்கி நிற்பாள். "ஒவ்வொரு சொட்டும் ஊசியா எறங்குதுடி." விலாவில் ஈரத்துண்டைப் போர்த்தி, வலது தோளில் குவளையால் மெல்ல ஊற்றினால் தாங்குவாள். ஒருநாள் வேலைக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில், "போதும்க்கா உன் நடிப்பு" என்று தங்கை ஷவரை முழுசாகத் திறந்துவிட்டாள். அக்கா கத்தவில்லை. வெளியே வந்தபோது உதட்டில் ரத்தம். "குளிச்சாச்சு. நீ கிளம்பு," என்றாள். அதைப் பற்றி இருவரும் பிறகு பேசியதே இல்லை.

"இங்க பாரும்மா." அம்மாளின் குரல் இறங்கியிருந்தது.

அக்கித் தழும்பின் மேல் மட்டும், ஒரு சாண் அகலத்துக்குத் தோல் சிலிர்த்து நின்றது. மற்ற இடமெல்லாம் மெழுகு மாதிரி கிடந்தது.

"பதினெட்டு வருஷமா பாக்குறேன். செத்த உடம்பு சிலிர்க்கும், இல்லேங்கல. ஆனா இப்படி ஒரு பக்கமா..."

தங்கை துண்டை நனைத்து விலாவில் போர்த்தினாள். குவளையில் மொண்டாள்.

"ஊத்துறேன்க்கா."

ஊற்றினாள். மறுபடி சொன்னாள். மறுபடி ஊற்றினாள். வெளியே உறவுக்காரர்கள் இரண்டு முறை கதவைத் தட்டினார்கள். "வரோம், வரோம்" என்றதோடு அம்மாள் நகரவில்லை.

துண்டை எடுத்தபோது தோல் அடங்கியிருந்தது.

உடுத்த வேண்டிய சட்டையை அம்மாள் பையிலிருந்து எடுத்து உதறினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, தையல் உடம்பில் உரசாதபடி உள்பக்கத்தை வெளியே திருப்பி, இடது கையை முதலில் நுழைத்தாள்.